மடிக்கேரியில் பார்த்த சிலை

சூலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்த கையோடு நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும் எனக்குப் பேனா எடுக்க இத்தனை நாள். நடுவில் மகள் குடும்பத்தோடு குடகுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்ததும் முழங்கால் என்னைப் பழிவாங்கிவிட்டது. தோட்டத்தில் தென்னைக்கு வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரி பூசினது போல இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். ஈ மட்டும் போவதாக இல்லை.

சரி, உன் பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "அபிநந்தன் வாங்கியது வெள்ளி மெடல் என்றால் தங்கம் யாருக்கு?" 2019-ல் பாகிஸ்தானில் பிடிபட்டுத் திரும்பிய அந்த விமானியைத்தான் கேட்கிறான். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஒலிம்பிக் கணக்கு வைத்திருக்கிறான் பயல். அவனிடம் சொல், இங்கே தங்கமே கிடையாது. அபிநந்தன் வாங்கிய வீர் சக்ரா வெள்ளி, அதற்கு மேலே இருக்கும் மகாவீர் சக்ராவும் வெள்ளி, எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் பரம்வீர் சக்ரா வெண்கலம். அதை வரைந்து கொடுத்தவர் சாவித்திரி கானோல்கர், சுவிட்சர்லாந்தில் பிறந்து நம் ராணுவ அதிகாரி ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே ஊறிப்போன அம்மா. வஜ்ராயுதத்தை நான்கு முறை அதில் பொறித்தார். அந்த ஆயுதத்துக்காக ததீசி முனிவர் தன் எலும்பையே கொடுத்த கதையை நீயே பேரனுக்குச் சொல்; உனக்குத்தான் அதெல்லாம் நன்றாக வரும்.

இதுவரை இருபத்தொரு பேருக்குப் பரம்வீர் சக்ரா. அதில் விமானப்படைக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, நிர்மல் ஜித் சிங் சேகோனுக்கு. அவர் இருந்த 18-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு எங்கள் ஊரில்தான் மறுபடியும் பிறந்தது, தெரியுமா? 2020 மே மாதம் தேஜஸ் போர்விமானங்களோடு சூலூரில் மறுபடியும் தொடங்கினார்கள். காலையில் நான் பல் தேய்க்கும் நேரத்துக்குத் தேஜஸ்காரர்கள் தலைக்கு மேல் இடி இடித்துக்கொண்டு போகிறார்கள். மருமகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு அந்தச் சத்தம் வராத நாளில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

சேகோன் ஓட்டியது நாம் விமானப்படையில் வேலை பார்த்த நம்ம நேட் போர்விமானம். உன் பேரனுக்கு அதை எப்படிப் புரியவைப்பாய்? எழுந்து நின்றால் முதுகு தட்டும் அந்தக் குட்டி விமானத்துக்கு அடியில் எத்தனை வெயிலில் குனிந்திருக்கிறோம்! 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். பெஷாவரிலிருந்து பாகிஸ்தானின் ஆறு சேபர் போர்விமானங்கள் வந்து ஓடுபாதையில் குண்டு போடுகின்றன. ஜோடியில் முன்னால் போன நேட் கிளப்பிய புழுதி அடங்கும்வரை சேகோன் நிற்க வேண்டியதாயிற்று. குண்டு விழும் நேரத்தில்தான் வண்டியை எழுப்பினார். முன்னால் போனவர் மூட்டத்தில் இவரைத் தவறவிட்டுவிட்டார். ஆக, ஆறுக்கு ஒன்று. ஒரு சேபரில் குண்டு பாய்ந்தது, இன்னொன்று தீப்பிடித்தது என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. கடைசியில் தானும் அடிபட்டு விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

ஆனால் அவர் சண்டை போட்டது தளத்துக்குப் பக்கத்தில். கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள், ரேடியோவில் அவர் குரலைக் கேட்டார்கள். மேலிடத்துக்கு எழுதுவதற்கு ஆள் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மடிக்கேரியில் பார்த்த சிலையால்தான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேத்திக்குத் தேன் வாங்க இறங்கினோம். அங்கே விமானப்படை உடையில் ஒரு சிலை. ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. நாம் சேர்ந்த காலத்தில் இந்தப் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எனக்கு நினைவில்லை. அப்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் பதக்கம் எதுவும் இல்லை.

1965 செப்டம்பர் 7, விடியும் நேரம். பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து முதலாம் ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் போர்விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கக் கிளம்புகின்றன. பன்னிரண்டு பேர் பட்டியலில் தேவய்யா இல்லை. யாராவது விட்டுப்போனால் அந்த இடத்துக்கு என்று நின்ற மாற்று ஆள். அப்படித்தான் உள்ளே போனார். சர்கோதா தூரம், போய்த் திரும்புவதற்கே எரிபொருளை எண்ணிப் பார்த்துக்கொண்டு பறக்க வேண்டிய தூரம். நடுவில் ஒரு சண்டைக்கு என்று தனியாக ஒதுக்க எதுவும் இருக்காது, அது நமக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று பின்னால் வந்தது. சத்தத்தைப்போல் இரண்டு மடங்கு வேகம் போகிற ஜந்து அது. மிஸ்டேர் அதன் முன்னால் ஜீப்புக்கு முன் மாட்டுவண்டி. ஓட்டியவர் அம்ஜத் ஹுசேன் கான். தேவய்யாவைச் சுட்டார், இந்த ஆள் முடிந்தார் என்று நினைத்து அடுத்தவர்களைத் தேடப் போனார். அடிபட்ட மிஸ்டேர் விழவில்லை. தேவய்யா அதே ஓட்டை வண்டியோடு திரும்பி, ஸ்டார்ஃபைட்டருடன் சண்டைக்கு நின்று, தன் பீரங்கியால் அதை அடித்துவிட்டார். அம்ஜத் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். தேவய்யா தப்பவில்லை. வயது முப்பத்திரண்டு.

இது எதுவும் ஆதம்பூருக்குத் தெரியாது. கூடப் போனவர்கள் எல்லாரும் தரையோடு தரையாக வீட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் "காணவில்லை" என்று எழுதினார்கள். பதினான்கு வருஷம் அந்தச் சொல் அப்படியே இருந்தது. 1979-ல் பாகிஸ்தான் தரப்பிலிருந்து அந்த வான்போரை எழுதிய ஒரு பிரிட்டிஷ்காரரின் புத்தகத்தில்தான், ஒரு மிஸ்டேர் ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்திய விவரம் வெளியே வந்தது. அந்த மிஸ்டேர் யாருடையது என்று இங்கே கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். திரும்பி வராதவர் ஒருவர்தான். அன்றைக்குத் தாக்குதலை நடத்திப் போன தனேஜா விடாமல் எழுதினார். 1988-ல் மகாவீர் சக்ரா வந்தது. இருபத்து மூன்று வருஷம்! தேவய்யாவின் மனைவியை நினைத்துப் பார். கணவர் எப்படிப் போனார் என்று தெரியாமலே அத்தனை காலம்.

எதிரி சாட்சி சொல்லி வந்த பதக்கம், சண்முகம். சிலை முன்னால் நின்றபோது இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பேத்தி "தாத்தா, தேன்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

விருது எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியும். ஸ்குவாட்ரன் தலைவர் எழுத வேண்டும், அது படிப்படியாக டில்லி போக வேண்டும். முதல் வரியில் "நான் பார்த்தேன்" என்று ஒருவன் சொல்லியாக வேண்டும். அபிநந்தன் விஷயத்தில் கூட, அவர் பாகிஸ்தானின் எஃப்-16 விமானத்தை வீழ்த்தினார் என்று நம் விருதுக் குறிப்பு சொல்கிறது, பாகிஸ்தான்காரர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். விமானி ஜகன்மோகன் நாத் கொடுத்துவைத்தவர். கான்பெரா விமானத்தில் திபெத் மேலேயும் பாகிஸ்தான் மேலேயும் போய்ப் படம் எடுத்து வந்தார். இரண்டு மகாவீர் சக்ரா. அவருக்குச் சாட்சி அவர் கொண்டுவந்த படச்சுருள்தான்.

எதிரியே இல்லாத வீரமும் உண்டு. விமானி வருண் சிங்கை நீ மறந்திருக்க மாட்டாய். 2020 அக்டோபரில் தேஜஸ் உயரத்தில் கட்டுப்பாட்டை இழந்து தாறுமாறாகப் போனபோது, குதித்துவிடாமல் தரைக்குக் கொண்டுவந்தார். சௌர்ய சக்ரா கொடுத்தார்கள். விருது வந்ததும் அவர் செய்த காரியம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். தான் படித்த பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் பள்ளியில் சுமாரான மாணவன்தான், சுமாராக இருப்பதில் தப்பில்லை, மனசுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்து முழு உழைப்பைப் போடுங்கள் என்று. இதை உன் பேரனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு. கணக்குப் பரீட்சைக்கு அழுதான் என்று எழுதியிருந்தாயே. சில மாதங்களிலேயே, 2021 டிசம்பர் 8, குன்னூர். ஜெனரல் ராவத் போன அந்த ஹெலிகாப்டர் இங்கே சூலூரிலிருந்துதான் கிளம்பியது. பதினான்கு பேரில் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் உயிரோடு போராடினார். அந்த வாரம் எங்கள் தெருவில் டிவியை யாரும் அணைக்கவில்லை.

அப்புறம், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த ராத்திரி பயிற்சி முடிந்து வந்த நேட்டின் பீரங்கியில் குண்டு சிக்கிக்கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? குழல் சுட்டுக்கொண்டிருந்தது. எந்த நேரமும் தானாக வெடிக்கலாம், எதிரே ஹேங்கர், அதில் ஆட்கள். நான் உட்பட எல்லாரும் ஓடினோம். நீ மட்டும் அடியில் நுழைந்து, ஏதோ மிதிவண்டிச் சங்கிலி மாட்டுகிறவன் மாதிரி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய். வந்து நின்ற அதிகாரி முதலில் கேட்டது, "தொப்பி எங்கே?" அடுத்த நாள் உனக்குக் கூடுதல் டியூட்டி. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஓடினவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து எழுத்தில் போட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தையும் பேரனிடம் படிக்கக் கொடு. நீ மறைப்பாய் என்று தெரியும், அதனால் அவன் அம்மாவுக்குத் தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடு. குடகுத் தேன் உனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், தை மாதம் வரும்போது கொண்டுவருகிறேன். வெள்ளை ஈக்கு உங்கள் பக்கம் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

உன்,
வேலுச்சாமி