நம் ஊர்ப் பெயரும் நீளமான இங்கிலீஷ் சொற்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை 'ட்ரான்ஸ்போர்டேஷன்' என்ற சொல்லின் 14 இங்கிலீஷ் எழுத்துகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். சரி, கரும்பலகையில் எழுதிப்போட்டு வாசிக்கச் சொன்னேன். 'டாட்டியான்' என்று முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தெழுத்தாக உருப்போடப் பழக்கியது நாங்கள்தான்; பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை.

இனி நீளமான சொல்லைப் பிரித்து வாசிக்கப் பழக்குகிறோம். பிரிப்பதில் இரண்டு விதம் உண்டு. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கு ஒரு கைதட்டு என்றால் தி-ரு-நெல்-வே-லி, ஐந்து தட்டு. பொருளாகப் பிரித்தால் திரு, நெல், வேலி, மூன்றே துண்டு. (யாப்பில் 'திரு' ஒரே நிரையசை, இங்கிலீஷ் சிலபிள், அதாவது ஒலித்துண்டு, கணக்கு வேறு. தமிழாசிரியர் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்.)

'ட்ரான்ஸ்போர்டேஷன்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒலியில் ட்ரான்ஸ்-போர்-டே-ஷன், நான்கு தட்டு. பொருளில் மூன்று துண்டு: 'ட்ரான்ஸ்' என்றால் இங்கிருந்து அங்கே, 'போர்ட்' என்றால் சுமப்பது, 'ஏஷன்' அதைப் பெயர்ச்சொல்லாக்கும் வால். முதல் இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. ஜங்ஷனில் பெட்டி தூக்கும் போர்ட்டர், இம்போர்ட், எக்ஸ்போர்ட் எல்லாம் அதே சுமைக் குடும்பம். கைதட்டும்போது 'போர்ட்' உடைந்து அதன் கடைசி ஒலி அடுத்த தட்டுக்கு ஓடிவிடுகிறது, நம் 'வேலி' இரண்டு தட்டாவதைப் போல. வால் தெரிந்த பிள்ளை 'டியான்' என்று வாசிக்காது.

எழுத்தை எண்ணக் கூடாது, காதில் விழும் உயிரொலியைத்தான் எண்ண வேண்டும். 'கேக்' என்ற சொல்லில் இங்கிலீஷில் நான்கு எழுத்து, ஆனால் ஒரே தட்டு. அப்புறம், 'அன்ஹேப்பி'யில் முன்னால் நிற்கும் 'யூ', 'என்' என்ற இரண்டு எழுத்தும் 'இல்லை' என்று பொருள் தரும். அதற்காக 'அங்கிள்' என்பதையும் அப்படி வெட்டிவிடக் கூடாது! எழுத்து அதேதான், அது வேறு சொல்.

"எனக்கு ஏபிசிடியே தெரியாது, நான் எங்க சொல்லிக் கொடுக்க?" என்று ஓர் அம்மா கேட்டார். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பீடி சுற்றிக்கொண்டே கேட்டால் போதும். பிள்ளை கைதட்டட்டும், "இதுல உனக்குத் தெரிஞ்ச துண்டு எது?" என்று மட்டும் கேளுங்கள். தினம் இரண்டு சொல். தட்டின் எண்ணிக்கையை நோட்டில் பிள்ளையே எழுதி வரட்டும். தப்பாக இருந்தால் திட்ட வேண்டாம், வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

கைடு எதுவும் வாங்க வேண்டியதில்லை. முதல் சொற்கள் திங்கள்கிழமை வீட்டுக்கு வரும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்