அம்மிணிக்கு, ஃபைன் என்ற சொல்லைப் பற்றி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது நாலு நிமிஷம், அதற்குள் ஏழு தடவை ஃபைன் என்றாய். சாப்பாடு ஃபைன், வேலை ஃபைன், குளிர் ஃபைன், அவரும் ஃபைன். அம்மா போனை வாங்கிக் கேட்டதற்கும் அதேதான். மாசி மாசத்திலிருந்து உன் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை, வீடியோவில் வா என்றால் அப்புறம் என்கிறாய்.

நீ வைத்த பிறகு உன் அகராதியை எடுத்தேன். பன்னிரண்டாவதில் இங்கிலீஷில் முதல் மார்க் என்று மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தார்களே, அதுதான். அட்டை பிய்ந்து கிடந்ததை பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து தினமும் ரெண்டு பக்கம் படிக்கிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பொருளைவிட, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை. நீ சின்ன வயசில் எதை எடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்பாய், பதில் தெரியாமல் உன்னை அம்மாவிடம் அனுப்பிவிடுவேன். இப்போது பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன், கேட்கத்தான் நீ பக்கத்தில் இல்லை.

ஃபைன் என்பதற்கு வேர் லத்தீன். ஃபீனிஸ் என்றால் முடிவு, எல்லை. ஃபினிஷ், ஃபைனல் எல்லாம் அதன் பிள்ளைகள். கடைசிவரை போய்க் குறையில்லாமல் முடிந்தது, மேன்மையானது என்று பிரெஞ்சில் பொருள் மாறி, பிறகு இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. கோர்ட்டில் கட்டுகிற ஃபைனும் இதே வேர்தான், கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. அதைப் படித்ததும் பக்கத்தைத் திருப்ப மனசு வரவில்லை. நீயும் பேச்சை முடிக்கத்தானே அதைச் சொல்கிறாய்?

வேளைக்குச் சாப்பிடு. பார்சலில் மஞ்சள் தூளும் சுக்கும் வைத்திருக்கிறோம், மஞ்சள் நம்ம காட்டில் விளைந்தது. அங்கே கடையில் ஜிஞ்சர் என்று எழுதி வைத்திருப்பது நம்ம இஞ்சிவேர்தான், பாலியில் சிங்கிவேரம் ஆகி, கிரேக்கம், லத்தீன் என்று சுற்றி உன் ஊருக்குப் போயிருக்கிறது. உன் அப்புச்சி பிடித்த சுருட்டும் அங்கே செரூட் ஆகியிருக்கிறது. 2012-இல் உன்னை டிவிஎஸ் எக்ஸெலில் வைத்துக் கொடுமணலுக்குக் கூட்டிப் போனேனே, நொய்யல் கரையில் பழங்கால ஊரைத் தேடித் தோண்டிய குழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அங்கே மணி செய்த பச்சைக் கல், படியூர்ப் பக்கம் கிடைக்கிற அதே கல், இங்கிலீஷில் பெரில். கிரேக்கத்தில் பெரில்லோஸ், அதற்கு முன்னால் பிராகிருதத்தில் வேளுரிய, நாம் வைடூரியம் என்கிறோமே அந்தச் சொல்தான். ஜெர்மன்காரர்கள் மூக்குக் கண்ணாடிக்கு ப்ரில்லெ என்கிறார்கள், அதுவும் இந்தக் கல்லின் பெயரிலிருந்து வந்ததே. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். நன்றாகத் தெரிகிறது. நீ வீடியோவில் வந்தால் தெரியும்.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாரியம்மன் நோம்பிக்கு நீ வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். பெரியப்பா ஆட்டுப்பட்டியில் ராத்திரி நாய்கள் புகுந்து ஒன்பது உருப்படி போய்விட்டது, எல்லாம் கழுத்துக் கடி. காங்கேயம் பக்கம் முழுக்க இப்போது இதே துயரம். விடியற்காலை நான்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் அகராதியில் வொர்ரி என்ற சொல் கண்ணில் பட்டது. பழைய இங்கிலீஷில் அதற்குக் கழுத்தை நெரிப்பது என்றுதான் பொருள். அப்புறம் நாய் ஆட்டின் கழுத்தைக் கவ்விக் குதறுவது. மனக்கவலை என்ற பொருள் அதற்கெல்லாம் பிறகு வந்தது. நீ இருக்கிற பிரிட்டனில் ஆட்டை நாய் கடிப்பதற்கு 1953-இல் போட்ட சட்டத்திலும் வொர்ரி என்றே எழுதினார்களாம். கவலையில் தொண்டை அடைக்கிறது என்று அம்மா சொல்வாளே, அது சரிதான் அம்மிணி. இந்த ரெண்டு மாசமாக அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா? மாட்டாஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தபோது போர்டில் அனிமல் ஹஸ்பெண்டரி என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, மாட்டுக்கும் புருஷன் உண்டாப்பா என்று கேட்டாய். டாக்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள், நீ மட்டும் சிரிக்கவில்லை, பதிலுக்கு நின்றாய். பதில் இதுதான். பழைய வடநாட்டு ஐரோப்பிய மொழியில் ஹூஸ் என்றால் வீடு, போண்டி என்றால் குடியிருந்து பண்ணையம் பார்க்கிறவன். நம்ம ஊர்ப் பேச்சில் குடியானவன். வீட்டையும் காட்டையும் கால்நடையையும் வாடவிடாமல் பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் ஹஸ்பெண்ட் என்று பேர் இருந்திருக்கிறது. பெண்டாட்டிக்கு உரிமையாளன் என்று அதில் எங்கேயும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு அம்மிணி. உன் சம்பளம் உன் பெயரில் உள்ள கணக்கில்தானே வருகிறது?

இன்னொரு சொல்லையும் பார்த்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம், மூணு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

கல்யாணமான வருஷம் ஆடி நோம்பிக்கு வந்திருந்தபோது திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா, அவர் கோபம் வந்தால், என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ அம்மிணி, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். சொல்லிவிட்டு மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போனேன். அன்றைக்குக் கரண்டே இல்லை. கிணற்று மேட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தேன், திரும்பி வந்தால் நீ என்ன சொல்வாயோ என்று பயம். ஊருக்கும் சொந்தத்துக்கும் என்ன பதில் சொல்வது என்ற பயம் அது. உன்னைப் பற்றிய பயமாக இருந்திருந்தால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ராத்திரி அம்மா அதையே எடுத்தபோதும் அவளை அடக்கிவிட்டேன். மறுநாள் நான்தான் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு நீ எங்களிடம் எதையுமே ஆரம்பித்ததில்லை, ஃபைன் மட்டும்தான்.

அட்ஜஸ்ட் என்பது பழைய பிரெஞ்சுச் சொல், அதற்கு லத்தீனில் வேர் யுக்ஸ்தா, பக்கத்தில் என்று பொருள். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அட்ஜஸ்ட். நியாயத்தைக் குறிக்கிற ஜஸ்டோடு அதை ஜனங்கள் பிறகு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. உன்னைப் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அனுப்பினேன். தப்பு என்னுடையது, அம்மாவுடையது இல்லை.

மேல் ரூமுக்கு வெள்ளையடித்துவிட்டேன், ஃபேனும் மாற்றியாகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ அவர் எதிரில் பேச முடியாது என்றால் பேச வேண்டாம், ஆபீஸில் இருந்து ரெண்டு வரி எழுது, எந்த நேரமானாலும் பார்ப்பேன், போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறதா? அதை முதலில் எழுது.

அப்பா