அகப்பை என்றால் கருப்பை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் கந்த சஷ்டி விரதம் பற்றி வந்த கட்டுரையில், "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது மருவிய வடிவம் என்றும், "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதே மூலம் என்றும், அகப்பை என்பது கருப்பை என்றும் எழுதப்பட்டிருந்தது. மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் பல காலமாகச் சுற்றும் விளக்கம்தான் இது. ஆனால் நாளிதழில் அச்சேறிவிட்டால் பிள்ளைகள் அதையே சரியென்று எடுத்துக்கொள்வார்கள். விரதத்தைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. ஐப்பசியில் ஆறு நாள் முருகனை நினைத்து நோன்பிருப்பதன் பெருமைக்கு இந்தப் பழமொழியை வளைக்க வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து.

அகப்பை என்பது தேங்காய்ச் சிரட்டையில் காம்பு கோத்துச் செய்யும் கரண்டி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் அதுதான் பொருள். தெலுங்கில் 'அகப' என்றும் கன்னடத்தில் 'அகபெ' என்றும் இதே கருவியைச் சொல்கிறார்கள். அகம், பை என்று இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் பை என்று பொருள் சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் பக்கத்து மொழிகளிலும் அந்தச் சொல் அடுப்படியை விட்டு நகரவில்லையே!

பேச்சில் இது 'ஆப்பை' ஆகிவிட்டது. பகுதி பாதியானதும், மருமகன் மருமானானதும், அகத்துக்காரர் ஆத்துக்காரரானதும் இதே வழியில்தான். நடுவிலுள்ள ககரம் விழ, முன்னுள்ள குறில் நீளும். "சட்டியில இருந்தாத்தானே ஆப்பையில வரும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கருப்பையை யாராவது ஆப்பை என்று சொன்னதுண்டா? வாக்கியத்தையும் பாருங்கள். சட்டி என்று வைத்தால் உள்ளே இருப்பதுதான் கரண்டியில் வரும் என்று பொருள் தானாகவே நிரம்பிவிடுகிறது. சஷ்டி என்று வைத்தால், 'விரதம்' என்ற சொல்லையும் 'பிள்ளை' என்ற சொல்லையும் நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. "அகப்பை பிடித்தவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன" என்று இன்னொரு பழமொழி உண்டு. அங்கே என்ன பொருள் சொல்வது?

இந்தக் கருவிக்கு அகப்பையைத் தவிர வேறு பெயர்களும் இருந்தன. நாலடியாரில் புல்லறிவாண்மை அதிகாரத்தின் முதற்பாட்டு, நல்ல சொல்லின் அருமை தெரியாத அறிவிலிக்கு, "பாற்கூழை மூழை சுவையுணரா தாங்கு" என்று உவமை சொல்கிறது. பாற்கூழுக்குள்ளேயே கிடந்தாலும் அதன் சுவை மூழைக்குத் தெரியாது. மூழை என்றால் அகப்பை. சிவவாக்கியர் அதே கருத்தை "சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ" என்று கேட்கிறார். சட்டுவம் என்பதும் அகப்பைதான். இன்று படகுக்கு மட்டும் உரியதாக நாம் நினைக்கும் துடுப்பும் பழைய நூல்களில் அகப்பைதான். களி கிண்டும் மரத்துடுப்பில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. மூழை வழக்கொழிந்துவிட்டது. ஆப்பையும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. பொருளைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கு எந்த விளக்கத்தையும் சொல்லி நம்பவைத்துவிடலாம் என்பதுதான் என் கவலை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் பாகான் டத்தோ வட்டாரத்தில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் நல்ல பாதிச் சிரட்டை கிடைப்பது அரிது. கடைகளில் இயந்திரத்தில் துருவுவதற்கு முன் ஓட்டைச் சில்லுசில்லாகத் தட்டி எடுத்துவிடுகிறார்கள். அகப்பை வேண்டுமென்றால் முற்றிய காயாக வாங்கிக் கையால்தான் உடைக்க வேண்டும். இளங்காயின் ஓடு மெல்லியது, காய்ந்ததும் விரிந்துவிடும். நாரைச் சுத்தமாக உரித்துவிட்டு, காயைச் சுற்றிக்கொண்டே நடுவட்டத்தில் கத்தியின் முதுகால் தட்டி வந்தால் ஒரே வரியாகப் பிளக்கும். ஓரிடத்தில் ஓங்கி அடித்தால் கோணலாக உடையும். கண் இல்லாத பாதியைத்தான் எடுக்க வேண்டும். மூன்று கண்களில் ஒன்று மெல்லியது, நாளடைவில் அது திறந்துகொண்டு ஒழுகும். உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பை ஒரு பொட்டுகூட விடாமல் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் சிக்குவாடை போகாது. வெளிப்புறத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்து உப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பாகும்.

துளை போடும் இடத்தில்தான் பல சிரட்டைகள் வீணாகின்றன. ஆணி வைத்து அடித்தால் ஓடு கீறிவிடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைப்பதே பழைய முறை. இப்போது மின்துளைப்பானில் சிறிய அலகால் தொடங்கிப் பெரிதாக்கலாம். எதிரெதிராக இரண்டு துளை வேண்டும். கைப்பக்கத் துளை விளிம்பை ஒட்டி இருக்கட்டும். எதிர்த்துளை சற்றே கீழே இருந்தால் காம்பு மேல்நோக்கிச் சாயும், ஆழமான பானையில் மொள்ள அது உதவும். ஆனால் அதிகம் இறக்கிவிட்டால் கஞ்சி அந்த வழியே வடியும். காம்புக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் நீள மூங்கில் போதும். அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மூங்கில் பிறகு சுருங்கி, காம்பு ஆட ஆரம்பிக்கும். நுனியைச் சீவி இரண்டு துளையிலும் இறுகச் செருகி, வெளியே வரும் முனையில் ஒரு சிறு குச்சி ஆப்பு வைத்தால் கழன்று வராது.

புது அகப்பையை அப்படியே ரசத்தில் போட்டால் பழுப்பு நிறம் இறங்கும், துவர்ப்பும் சேரும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். அகப்பைக்கூடு என்று ஓட்டை போட்ட பலகையைச் சுவரில் அடித்து அதில் தொங்கவிட்டதே காற்றுப் படத்தான். அடுப்பில் இருக்கும் சட்டியின் விளிம்பில் சாய்த்துவைப்பதும் கூடாது; காம்பு கருகும். இவ்வளவு பாடும் பட்டதற்குப் பலன் உண்டு: கையில் சூடேறாது, மண்சட்டியைக் கீறாது, புளிக்குழம்பில் கிடந்தாலும் அலுமினியத்தைப் போல அரிக்காது. ஆடி மாதம் கோயில்களில் கூழ் ஊற்றுவோர் ஒன்றிரண்டாவது செய்து வைத்துக்கொள்ளலாம்.

மாணவர் பகுதியில் வாராவாரம் பழமொழி வெளியிடுகிறீர்கள். அடுத்த வாரம் இந்தப் பழமொழியைச் 'சட்டி' என்றே அச்சிட்டு, பக்கத்தில் ஒரு சிரட்டை அகப்பையின் படத்தையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்