ஒருவர் மூடாமல் விட்ட குழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்தால், ஆளில்லாமல் கிடக்கும் பழைய எஸ்டேட் ஏதாவதொன்றுக்கு ஒருநாள் போய்வரலாமா என்ற பேச்சு தானாக வந்துவிடும். ஆசையில் தவறில்லை. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் நடமாடிய மண்ணில் பொத்தான், லாடம், சாவி, காசு என்று ஏதாவது கிடக்கத்தான் செய்யும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் போகும் குழு பை நிறைய ஆணியோடு திரும்பும், தோட்டத்தில் குழிகளை விட்டுவிட்டு வரும். அந்தக் குழியில் ஒரு மாடு காலை ஒடித்துக்கொண்டால், பின்னால் எவ்வளவு பொறுப்பான குழு வந்து கேட்டாலும் கேட் திறக்காது. இதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

பாழடைந்து கிடப்பதால் ஓர் இடம் சொந்தக்காரர் இல்லாத இடமாகிவிடாது. வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கலாம், சொத்து அடமானத்தில் இருக்கலாம், வழக்கில் இருக்கலாம், அரசின் வசம் போயிருக்கலாம். காவல்காரர் தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டுச் சொத்து என்றால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும். அனுமதிக் கடிதத்தில் நாள், நேரம், வருகிறவர்களின் பெயர், தேடலாம் என்ற பகுதி, போகக் கூடாத பகுதி, தோண்டும் ஆழம், கிடைப்பதை யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை முன்கூட்டியே எழுதாவிட்டால், ஒரே ஒரு மோதிரம் கிடைத்த நாளில் நட்பே முறிந்துவிடும். அந்தக் குடும்பத்தின் பெயர் பொறித்த பொருள் எது கிடைத்தாலும் அது அவர்களுக்கே போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவர் தன் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் ஆளாவார். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்ற வரையறைக்குள் வரும் பொருளைப் பற்றி 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், புதையலை விசாரிப்பது அங்கே காலங்காலமாக அவர் வேலைதான். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று பலகை வைத்த இடமாக இருந்தால் கருவியை வண்டியை விட்டே இறக்காதீர்கள்.

அனுமதி கிடைத்ததும் முதல் நாள் கருவி இல்லாமல் இரண்டு பேர் மட்டும் போய்ப் பார்த்து வர வேண்டும். பழைய நில வரைபடம், குடும்பத்தாரிடம் உள்ள போட்டோ, வயதானவர்களின் நினைவு இவையெல்லாம் அப்போது கைகொடுக்கும். வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகும் தடம், துணி காயப்போட்ட கம்பங்களின் அடி, நிழல் மரத்தடி, கேட்டுத் தூணின் இரு பக்கம், குதிரை லாயம் இருந்த இடம் ஆகியவைதான் பொருள் தவறி விழும் இடங்கள். இடிந்த வீட்டை ஒட்டிய பத்தடியை முதலில் தொடாதீர்கள். கூரை விழும்போது அதிலிருந்த ஆணியெல்லாம் அங்கேதான் உதிர்ந்திருக்கும்.

அதே நடையில் ஆபத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடி படர்ந்து மூடிய கிணறும் பலகை உளுத்த கழிவுத் தொட்டியும்தான் எல்லாவற்றிலும் மோசமானவை. கையில் நீளமான கம்பு வைத்துத் தட்டிக்கொண்டே நடந்து, கண்டதும் இரண்டு மீட்டர் தள்ளிச் சுற்றிலும் சிவப்பு நாடா கட்டிவிடுங்கள். வீட்டுக்குள் நுழைய வேண்டாம். ஓட்டுக் குவியலிலும் கல் குவியலிலும் பாம்பு இருக்கும், கையை விடாதீர்கள். கல்நார் ஓடு உடைந்து கிடந்தால் மிதித்து நொறுக்காமல் விலகிப் போங்கள்.

இனி ஆள் கணக்கு. எட்டுப் பேர், அதற்கு மேல் ஒரு பொறுப்பாளர், இதுவே ஒரு குழுவுக்குப் போதும். எட்டுப் பேரும் எட்டுக் கருவியை இயக்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் கருவி வீச மற்றவர் தோண்டி, எழுதி, குழியை மூட வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் கயிறு கட்டி 20 மீட்டருக்கு 20 மீட்டர் என ஒரு கட்டம் கொடுங்கள். அதை 1.2 மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரித்தால் 17 பாத்தி, மொத்தம் 340 மீட்டர் நடை. கருவியின் அடியிலுள்ள, உலோகத்தை உணரும் வட்டத் தட்டுக்குக் காயில் என்று பெயர். 28 சென்டிமீட்டர் காயிலை ஒவ்வொரு வீச்சிலும் பாதி அகலம் மட்டுமே முன்னே நகர்த்தினால் ஏறத்தாழ 2,400 வீச்சு ஆகும். வீச்சுக்கு ஒன்றரை நொடி என்றால் ஒரு மணி நேரம். முப்பது குழிக்கு நாலு நாலு நிமிடம் வைத்தால் இன்னும் இரண்டு மணி நேரம். ஆக ஒரு காலைப்பொழுதில் ஒரு ஜோடியால் ஒரு கட்டத்தைத்தான் ஒழுங்காக முடிக்க முடியும். ஐந்து ஏக்கரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் எதையும் பார்க்காமல்தான் திரும்புவார்கள். பாதி நேரத்தில் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டால் தோளும் தாங்கும், காதும் மரத்துப்போகாது.

ஜோடி முறையில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே அலைவரிசையில் இயங்கும் இரண்டு கருவிகள் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நெருங்கினால் ஒன்றை ஒன்று குழப்பும், காரணமே இல்லாமல் கிறீச்சிடும். நாலு கட்டத்திலும் எல்லோரும் ஒரே மூலையில் தொடங்கி ஒரே திசையில் நகர்ந்தால் இடைவெளி 20 மீட்டருக்குக் குறையாது. அப்படியும் சத்தம் இருந்தால் கருவியின் சேனலை, அதாவது அலைவரிசை அமைப்பை, ஒரு படி மாற்றுங்கள். இரைச்சல் நீக்கும் பொத்தானை எல்லாக் கருவியும் ஓடத் தொடங்கிய பிறகுதான் அழுத்த வேண்டும், காயிலை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். முதலில் வந்தவர் தனியாக நின்று சரிசெய்துகொண்டால், மற்றவர்கள் வந்ததும் அது பயனற்றுப்போகும். பாக்கெட்டில் செல்போன், அணைக்காத பின்பாயின்டர் (குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கைக்கருவி), இரும்பு முனை வைத்த ஷூ இவையும் இதே தொல்லையைத் தரும். கருவி பழுது என்று முடிவுகட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

உலோகம் இல்லாத தரையில் காயிலை ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி இறக்கி, சத்தம் சமமாகும்வரை மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். செம்மண்ணிலிருந்து சாம்பல் கொட்டிய இடத்துக்கு நகர்ந்தால் மறுபடியும் செய்தாக வேண்டும். காயில் தரையிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில், வீச்சின் ஓரத்திலும் தூக்காமல் செல்ல வேண்டும். ஓரத்தில் தூக்குகிறவர்கள் பாத்தியின் இரு கரையையும் தேடாமல் விட்டதாகவே அர்த்தம். ஆணி மிகுந்த இடத்தில் சிறிய காயில்தான் சரி. பெரிய காயிலின் கீழே காசும் மூன்று ஆணியும் ஒரே நேரத்தில் வந்தால், ஆணியின் குரலில் காசு அமுங்கிவிடும்.

சத்தத்தைக் காதால் பிரிப்பதுதான் இந்தக் கலையின் உயிர். காசு என்றால் வலமிருந்து வீசினாலும் இடமிருந்து வீசினாலும் வட்டமான, சுத்தமான ஒரே குரல். நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றி வந்து குறுக்காக வீசிப் பாருங்கள். ஆணியாக இருந்தால் குரல் உடையும், இரண்டாகப் பிரியும், அல்லது இடம் மாறும். இருந்தும் தட்டையான இரும்புத் துண்டும் பாட்டில் மூடியும் காசு போலவே ஏமாற்றும். உலோக வகையைக் காட்டக் கருவியின் திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் ஒரே எண்ணில் நிற்கக்கூடியவை.

இப்போது குழி. இடத்தைத் துல்லியமாகக் கண்டபின், புல்லில் லாட வடிவில் மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள். நாலாவது பக்கம் கதவின் கீல் போல மண்ணோடு ஒட்டியிருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வேரோடு புரட்டி, உதிரும் மண் முழுவதையும் பக்கத்தில் விரித்த துணியில் போடுங்கள். பொருளை எடுத்ததும் பின்பாயின்டரை மறுபடி குழிக்குள் விடுங்கள், ஒன்றின் கீழ் இன்னொன்று இருப்பது உண்டு. பிறகு துணி மண்ணை அப்படியே கவிழ்த்து, புல்லை மூடி, காலால் அழுத்திச் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் தரை காய்ந்திருந்தால் இப்படி வெட்டிய புல் பட்டுப்போகும். அதனால் மழைக்குப் பிந்திய வாரங்களில் நாள் குறிப்பதே நல்லது.

கிடைத்த காசை விரலால் தேய்க்காதீர்கள், மண்ணிலுள்ள மணல் துகள் அதன் முகத்தைக் கீறிவிடும். மண்ணோடு சிறு உறையில் போட்டு, கட்ட எண், பாத்தி எண், ஆழம் எழுதுங்கள். ஒரே குழியில் பல காசுகளோ பானை ஓடோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, சொந்தக்காரருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்ல வேண்டும். எந்தப் பொருள் எதன்மேல் கிடந்தது என்ற விவரம் ஒருமுறை கலைந்தால் மறுபடி கிடைக்காது. வெடிகுண்டோ தோட்டாவோ என்று ஐயம் வந்தால் தொடாமல் அடையாளம் வைத்து, எல்லோரையும் விலக்கி, போலீசை அழையுங்கள். கையுறை, டெட்டனஸ் ஊசி, முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இவை இல்லாதவரைக் குழுவில் சேர்க்க வேண்டாம்.

துருப்பிடித்த ஆணியையும் தகரத்தையும்கூட உறையில் போட்டு எண் கொடுங்கள். காரணம் இதுதான்: மாலையில் பொறுப்பாளர் ஒவ்வொரு கட்டமாக நடந்து, பதிவில் உள்ள குழி எண்ணிக்கையையும் தரையில் மூடிய தடத்தையும் ஒப்பிட வேண்டும். கணக்கு ஒத்துவரும்வரை யாரும் வண்டி ஏறக் கூடாது. குப்பையைத் தங்களோடு எடுத்துக்கொண்டு, பட்டியலின் நகல் ஒன்றைச் சொந்தக்காரர் கையில் கொடுத்த பிறகு கயிற்றை அவிழ்க்கலாம்.

இப்படிக்கு,
உலோகத் தேடலில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்