தொட்டி எத்தனை லிட்டர் என்று அவர் கேட்கவே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை எதில் ஈடுபடுத்தலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைகள் நிறைய இருந்தன. ஆனால் வீட்டில் மீன் வளர்ப்பதைப் பற்றிச் சொல்லும்போது, "பராமரிப்பு முறைகளைக் கடையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்" என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு எங்கள் பகுதியில் உள்ள ஒரு கடையில் கோல்டு ஃபிஷ் இரண்டும், ஒரு வட்டக் கண்ணாடித் தொட்டியும் வாங்கினோம். தொட்டியில் ஆறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். "இது போதுமா தம்பி?" என்று கேட்டேன். "தாராளமா போதும்க்கா. தொட்டி சின்னதா இருந்தா மீனும் சின்னதாவே இருந்துக்கும்" என்றார் கடையில் இருந்த தம்பி. வாரம் ஒரு முறை தண்ணீரை முழுசாக மாற்றுங்கள், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் நன்றாக அலசிவிடுங்கள் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்தோம், தண்ணீர் நிரப்பி, குளோரினைப் போக்குகிற ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டோம், அரை மணி நேரத்தில் மீன்களையும் விட்டுவிட்டோம்.

நாலாம் நாள் விடியற்காலையில் பால் காய்ச்ச எழுந்தவள் பார்த்தேன். இரண்டு மீனும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வால் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. பசிக்கிறது என்று நினைத்து என் மகள் இன்னும் கொஞ்சம் தீனி போட்டாள். மறுநாள் ஒன்று செத்துவிட்டது.

கடைக்குப் போய்ச் சொன்னபோது நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். கூடவே விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீனையும் கொடுத்து, "அழுக்கெல்லாம் இது சாப்பிட்டுடும்க்கா" என்றார். இரண்டு வாரத்தில் மற்ற கோல்டு ஃபிஷும் போய்விட்டது. எந்த மீனுக்கு எத்தனை மணிக்குத் தீனி என்று நோட்டில் எழுதி வைத்திருந்த குழந்தை, நான்தான் கொன்றுவிட்டேனா என்று என்னிடம் கேட்டாள்.

அவள் கொல்லவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாத விஷயம் இதுதான். மீன் வெளிவிடும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கூழாங்கற்களிலும் வளர வேண்டும். புதுத் தொட்டியில் அதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் தன் கழிவிலேயே வெந்துகொண்டிருக்கிறது. சில வீட்டு போர் தண்ணீரைப் போலக் காரத்தன்மை கூடிய தண்ணீரில் அமோனியா இன்னும் கொடுமையாக வேலை செய்யும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசினால், கொஞ்ச நஞ்சம் ஒட்டியிருந்த நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். நீல மருந்தும் அதையேதான் செய்கிறது. கடையில் சொன்னதை நான் ஒன்று விடாமல் செய்தேன். அதனால்தான் மீன்கள் செத்தன.

தொட்டி சிறியதாக இருந்தால் மீனும் சிறியதாக இருக்கும் என்று சொன்னார்களே, கெட்ட தண்ணீரில் வளர்ச்சி நின்றுபோவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கோல்டு ஃபிஷ் ஒரு சாண் நீளத்தையும் தாண்டி வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடம் இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த கோல்டு ஃபிஷ் ஒன்று 1999 வரை, 43 வருடம் உயிரோடு இருந்தது. நம் வீடுகளில் அது பத்து நாள் மீன் என்று ஆகிவிட்டது. செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நாமும் பழகிவிட்டோம்.

அந்தக் கடைத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயது இருக்கும். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முன்னால் வேலை பார்த்தவர் சொன்னதை அவரும் சொல்கிறார். ஆனால் தெரியாது என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

அப்புறம் ஒரு தோழி சொல்லி, கொளத்தூரில் மீன் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அந்தப் பக்கம் தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உண்டு. நான் எந்த மீன் வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே அவர், "தொட்டி எத்தனை லிட்டரும்மா? தண்ணி மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா?" என்று கேட்டார். கொண்டுபோன பாட்டில் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அமோனியா இருக்கிறதா என்று பார்க்கிற சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. "இதுலயா மீன் விட்டீங்க?" என்றவர் அன்றைக்கு எனக்கு எதையும் விற்கவில்லை. கோல்டு ஃபிஷ் இரண்டு வேண்டுமென்றால் நூறு லிட்டராவது பிடிக்கிற தொட்டி வாங்கி, ஃபில்டர் ஓடவிட்டு, பாக்டீரியா வளர தினம் கொஞ்சம் தீனி மட்டும் போட்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். நல்ல பாக்டீரியா ஒட்டியிருக்கும் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் காசு வாங்காமல் கொடுத்தார். தண்ணீரை ஒருபோதும் முழுதாக மாற்றாதீர்கள், வாரம் கால்வாசி போதும் என்றார்.

சக்கர் மீன் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாசியை அது தின்னும், சரி. மற்ற மீனின் கழிவைத் தின்னாது, தானும் ஏராளமாகக் கழிக்கும். ஒன்றரை அடி வரை வளரும். எங்களிடம் இருந்தது ஏழெட்டு மாதத்தில் கை நீளம் வந்துவிட்டது. என்ன செய்வது என்று கேட்டபோது பழைய கடையில் சொன்ன பதில், "ஏரில விட்டுடுங்கக்கா." இது தென் அமெரிக்க மீன். இப்படி விடப்பட்டவை பெருகித்தான் நம் நாட்டு ஏரி, குளங்களில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கின்றன, நம் ஊர் மீன்களுக்குத் தீனியும் இடமும் இல்லாமல் செய்கின்றன. அந்தப் பெரியவர்தான் எங்களுடையதை வாங்கித் தன் சிமென்ட் தொட்டியில் விட்டுக்கொண்டார்.

அலங்கார மீன் கடைகளுக்கென்று 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, பிறகு அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயல், எலி வகைகள், பறவைகள் எல்லாம் இருக்கின்றன. மீன் இல்லை. ஆனால் நம்மிடம் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுப்பது அவர்களுக்குப் பெரிய காரியம் இல்லை. அதுவரை கடைக்காரர்கள் ஒன்று செய்யலாம். தொட்டியில் விலை எழுதி ஒட்டுகிற அட்டையிலேயே இந்த மீன் எவ்வளவு வளரும், எத்தனை வருடம் இருக்கும், குறைந்தது எத்தனை லிட்டர் வேண்டும் என்று மூன்று வரி எழுதி வைக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள், புதுத் தொட்டியில் கொஞ்சம் தீனி மட்டும் போட்டு ஒரு மாதம் மீன் இல்லாமல் ஓட விட வேண்டும் என்பதையாவது சிறுவர் பக்கத்தில் போடுங்கள். தேவையென்றால் என் மகளின் நோட்டை அனுப்புகிறேன். அந்த ஒரு மாதமும் தினம் தண்ணீரைச் சோதித்து, நிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வருவதை அவளே கலர் பென்சிலால் தீட்டி வைத்திருக்கிறாள். முப்பத்து நாலாம் நாள் கட்டம் முழு மஞ்சள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.