‘யா, ரைட்’ என்றால் ஆமாம் இல்லை

அன்புள்ள யாழினி,

மான்செஸ்டர் ஆபீசில் பேசுவதெல்லாம் புரிகிறது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். அகராதியைப் புரட்டாதே. நக்கல் என்பது சொல்லில் இல்லை, குரலில்தான் இருக்கிறது.

‘யா, ரைட்’ இரண்டுமே ஆமோதிக்கிற சொற்கள். குரலை ஏற்றாமல், ‘ரைட்’டை இழுத்துச் சொன்னால் ‘நம்பிட்டேன் போ’ என்று பொருள். இழுக்காமல் சட்டென்று சொன்னால் நிஜச் சம்மதமாகவும் இருக்கலாம். ‘ஆமாமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று நம்மூரில் இழுப்பார்களே, அந்த ராகம்தான்.

அடுத்தது சந்தர்ப்பம். ‘நைஸ் ஒன்’ பிரிட்டனில் பெரும்பாலும் மனதாரச் சொல்கிற பாராட்டு. நீ காபியைக் கீபோர்டில் கொட்டிய கையோடு அதே சொல் வந்தால், ‘நல்லா செஞ்சே!’ என்கிற நக்கல். ‘தாங்க்ஸ் எ லாட்’ நன்றிக்கும் வரும், எரிச்சலுக்கும் வரும். ‘தாங்க்ஸ் எ பஞ்ச்’ அங்கே பெரும்பாலும் குத்தல்தான். அமெரிக்கர் சொன்னால் உண்மை நன்றியாகவும் இருக்கலாம்.

‘ஃபேட் சான்ஸ்’ என்றதும் பெரிய வாய்ப்பு என்று நினைத்துவிடாதே, நடக்கவே நடக்காது என்கிறார்கள். ‘ஸ்லிம் சான்ஸ்’ என்றாலாவது துளி நம்பிக்கை மிச்சம். விசித்திரமான பாஷை!

புதிதாகப் போனவர்கள் வழுக்குவது ‘டெல் மீ அபௌட் இட்’டில். ரயில் இன்றும் தாமதம் என்று நீ அலுத்துக்கொள்ள, பக்கத்து சீட்காரர் இதைச் சொன்னால், விவரம் கேட்கிறார் என்று முழுக்கதையையும் ஆரம்பிக்காதே. ‘என் பாடும் அதேதான்’ என்கிறார். தலையாட்டிச் சிரித்தால் போதும்.

‘நோ ஷிட், ஷெர்லாக்’ (கதைகளில் வரும் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ்தான்): எல்லாருக்கும் தெரிந்ததைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்பவருக்கான பதில். உள்ளே கெட்ட வார்த்தை இருக்கிறது. நெருங்கிய சிநேகிதர்களைத் தாண்டி வாயில் வரக்கூடாது.

மெயிலில் ‘ஆஸ் பர் மை லாஸ்ட் ஈமெயில்’ என்று வந்தால், பெரும்பாலும் ‘முன்னால் எழுதியதைப் படிக்கவில்லையா?’ என்கிற கடுப்பு. சமாதானம் எழுதாதே, பழைய மெயிலைத் தேடிப் படித்து, கேட்டதற்கு மட்டும் பதில் போடு.

சந்தேகம் வந்தால் சிரித்தபடி ‘ஆர் யூ சீரியஸ்?’ என்று கேட்டுவிடு, பெரும்பாலும் தப்பாக எடுக்கமாட்டார்கள். நீயாக நக்கலடிப்பதைச் சாட்டில் மட்டும் கொஞ்சநாள் தள்ளிப்போடு. எழுத்தில் குரல் கேட்காது. ரெடிட் என்கிற இணைய விவாதத் தளத்தில், இது நக்கல் என்று காட்டவே வாக்கியக் கடைசியில் ஒரு சாய்கோடும் எஸ் எழுத்தும் (/s) போடுகிறார்கள். ஆபீஸ் சாட்டில் அந்த வழக்கம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது.

அன்புடன்,
அப்பா