பிரண்டைத் துவையலும் ஒரு வெள்ளிக்கிழமையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கால் மணிநேரம்கூட ஆகவில்லை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாக்கை நீட்டியபடி என் அறை வாசலில் வந்து நின்றான். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன், பிரண்டைத் துவையல். மோர் குடித்துச் சற்று நேரத்தில் அரிப்பு அடங்கிவிட்டது. ஆனால், 'இனிமேல் பிரண்டையே வேண்டாம்' என்று அவன் வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டான். எனக்கு அதுதான் வருத்தம்.

குற்றம் பிரண்டையில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. அதில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. ஆகவே இளந்தண்டாகப் பார்த்து ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, நாரை உரிக்க வேண்டும். பச்சை மங்கிச் சுருளும்வரை எண்ணெயில் வதக்கி, புளியைத் தாராளமாக வைத்து அரைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதியில் இறக்கினால் பிள்ளையின் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அப்பத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும் இது தெரியும். காரைக்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நமக்குத்தான் மறந்துவிட்டது. (நானும் இப்படி அரைத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.)

எனவே வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு, பள்ளிக் கொல்லையில் அடுப்பு மூட்டுகிறோம். வீட்டுப் பெரியவர்கள் வந்து செய்துகாட்ட வேண்டும்: முடக்கத்தான் தோசை, தூதுவளை ரசம், அரிசி களைந்த நீரில் மணத்தக்காளி வற்றல் மண்டி. தூதுவளையின் முள்ளைக் கிள்ளிவிட்டுக் கொண்டுவாருங்கள். மணத்தக்காளியின் பச்சைக் காயைப் பிள்ளைகள் பறித்து அப்படியே தின்ன வேண்டாம். கறுத்துப் பழுத்ததே நல்லது. வேலியில் அரளியும் ஊமத்தையும் இருக்கின்றன. பெரியவர்கள் அடையாளம் சொல்லாத இலை எதுவும் வாய்க்குப் போகக் கூடாது.

சத்துணவுத் தட்டுகளின் ஓரத்தில் கறிவேப்பிலை குவிந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். பொடித்துக் கொடுத்தால் ஒதுக்க வழியில்லை. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு. எலுமிச்சை பிழிந்துகொண்டால் அது உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுத்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்புடன் சொல்கிறேன். இவை உணவு, வைத்தியம் அல்ல. காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வருபவர்கள் பெயரைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பிரண்டை கொண்டுவருபவர்கள் ஒரு சிறு புட்டி நல்லெண்ணெயும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்